தாசில்தாரின் பெட்டி

அது ஒன்றும் இல்லை அக்கா, பூனை உள்ளே போயிருக்கிறது.

மன்னித்துக்கொள்ளுங்கள். சத்தத்தைக் குறைத்துவிடுகிறேன். பஸ் செங்கல்பட்டு தாண்டியதிலிருந்து உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறேன் என்று தெரியும். முழுவதும் அணைக்கத்தான் மனம் வரவில்லை. இது வீட்டில் இருக்கும் பூனையின் கழிப்பிடப் பெட்டி அனுப்புகிற செய்தி. சிரிக்காதீர்கள், உண்மைதான். பூனை உள்ளே போய் வந்தால் பெட்டி என் போனுக்குச் சொல்லிவிடும். இதோ பாருங்கள், இன்று இருபத்தோராவது முறை. எடை நான்கு கிலோ எண்ணூறு. உள்ளே இருந்தது ஆறு நிமிடம்.

பதினோரு மணிக்குள் இருபத்தொரு முறை! போன மாதம் இந்தப் பெட்டியைப் பார்த்தாலே கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டவன்.

ஆமாம், ஆண்தான். பெயர் தாசில்தார்.

அந்தப் பெயருக்கு ஒரு காரணம் இருக்கிறது. என் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான்தான். அதற்கென்று ஒரு சான்றிதழ் கொடுப்பார்கள், கல்லூரியில் கட்டணம் குறையும். அதை வாங்கத் தாலுகா ஆபீசுக்கு ஐந்து முறை நடந்தேன். போகும்போதெல்லாம் என் விண்ணப்பம் மேசைமேல் இருக்கும், அதன்மேல் ஒரு முழங்கை இருக்கும், முழங்கை நகராது. இந்தக் கதையை என் கூடத் தங்கியிருக்கும் பெனிட்டாவிடம் ஒரு நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் அன்றுதான் ஒரு பூனைக்குட்டியைப் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். அது நேராக வந்து என் சான்றிதழ் ஃபைல்மேல் உட்கார்ந்தது. நகர்த்தினேன். நகரவில்லை. "விடுடி, தாசில்தார் சீட்ல உக்காந்துட்டாரு. இனிமே மனு குடுத்தாத்தான் எந்திரிப்பாரு" என்றாள் பெனிட்டா. மூன்று வருடமாக அதுதான் பெயர்.

பூனை அவளுடையதுதான். எனக்குப் பூனை பிடிக்கும் பிடிக்காது என்றெல்லாம் இல்லை. எனக்கு எதற்கும் கொஞ்சம் பயம், அவ்வளவுதான். கேஸ் அணைத்தேனா என்று படியிறங்கியவள் திரும்ப ஏறிப் போய்ப் பார்ப்பேன். பெனிட்டா ஏழு வாரத்துக்கு முன்னால் கம்பெனி வேலையாகப் போலந்துக்குப் போனாள். ஆறு மாதம். விமான நிலையத்தில் வைத்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "மாரி, நான் திரும்பி வர்றப்ப அவன் இருக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்" என்றாள். சரி என்றேன். நான் சரி என்று ஒரு வேலையை ஏற்றுக்கொண்டால் அதில் ஓட்டை இருக்காது அக்கா. என் தொழிலே அதுதான். வங்கிகளுக்கு எழுதுகிற மென்பொருளில் எங்கே தப்பு நடக்கும் என்று முன்கூட்டியே தேடுகிற வேலை.

ஒரு நிமிடம். இருபத்திரண்டு. நான்கு நிமிடம் இருந்திருக்கிறான்.

பெட்டி ஏன் வாங்கினேன் என்றால், வீட்டு ஓனரால்தான். புருஷோத்தமன் சார் என்று பெயர். அவர் கீழே, நாங்கள் மாடியில். வாடகை ஒப்பந்தத்தில் ஏழாவது வரி, வளர்ப்புப் பிராணிகள் கூடாது. அந்த வீட்டுக்கு முன்னால் பதினான்கு வீடு பார்த்தோம் நாங்கள். ஒரு இடத்தில், கல்யாணம் ஆகாத பெண்களுக்கு இல்லை என்றார்கள். ஒரு இடத்தில் எந்த ஊர் என்று கேட்டார்கள், சொன்னேன். ஊரில் எந்தத் தெரு என்று கேட்டார்கள், அதையும் சொன்னேன். அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை. புருஷோத்தமன் சார் ஒருவர்தான் தெருவைக் கேட்காதவர். அவர் வாயால் காலி பண்ணு என்று கேட்க எனக்குத் தெம்பு இல்லை.

நான் அவரிடம் பொய் சொல்லவில்லை. பூனை இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஒருமுறை மோட்டார் விஷயமாக மாடிக்கு வந்தவர் வாசலில் நின்று மூக்கை உறிஞ்சி, "என்னம்மா, கருவாடா?" என்றார். "ஆமா சார்" என்றேன். அது ஒன்றுதான் பொய். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதனால்தான் ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது பதினோராவது வரி ஒன்று நானே சேர்த்தேன். முன் அனுமதி இல்லாமல் உரிமையாளர் வீட்டுக்குள் வரக் கூடாது. படித்துவிட்டுச் சிரித்தார். "என் வீட்டுக்குள்ள நானே வரக் கூடாதா? நல்லா இருக்கும்மா!" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அவரிடம் ஒரு மாற்றுச் சாவி இருந்தது, அதற்காகப் பூட்டையும் மாற்றினேன். புதுப் பூட்டுக்கு இரண்டே சாவி. ஒன்று பெனிட்டாவிடம், ஒன்று இந்தப் பையில். எல்லாம் பத்திரமாக இருக்கிறது.

நாற்றம் மட்டும்தான் மிச்சம். பெனிட்டா இருந்தவரை ஒரு நாளைக்கு இரண்டு முறை பூனை மணலை அள்ளிக் கொட்டுவாள். எனக்கு ஆபீஸ் போக வரவே மூன்று மணி நேரம். அதனால் தானாகச் சுத்தம் செய்கிற பெட்டி பார்க்கலாம் என்று ஆரம்பித்தேன்.

ஆரம்பித்திருக்கக் கூடாது அக்கா. நான் படித்ததை எல்லாம் சொன்னால் நீங்கள் மதியம் சாப்பிட மாட்டீர்கள். பெரும்பாலான பெட்டிகள் உருண்டையாக, உள்ளே சுற்றுகிற பானை மாதிரி இருக்கும். பூனை போய்விட்டு வந்ததும் பானை சுற்றும், மணல் சலித்து, கட்டி மட்டும் கீழே இருக்கிற தட்டில் விழும். சுற்றும்போது பானையின் வாயும் வெளிக்கூட்டின் வாயும் ஒன்றை ஒன்று கடந்து போகும், கத்தரிக்கோல் மாதிரி. அந்த நேரத்தில் பூனை தலையை விட்டால்? எடை பார்க்கிற சென்சார் இருக்கிறது, பூனை உள்ளே இருந்தால் சுற்றாது என்பார்கள். ஆனால் பூனை முன்னங்காலை மட்டும் வைத்து எட்டிப் பார்த்தால் பாதி எடைதானே விழும்? இதை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை. கரண்ட் போய் வந்தால் சில மெஷின்கள் எதையும் பார்க்காமல் பழைய இடத்துக்குத் திரும்பச் சுற்றும். நம் ஊரில் கரண்ட் போகாத நாள் உண்டா? ஒரு அம்மா எழுதியிருந்தார், வேலையிலிருந்து வந்து கதவைத் திறந்தபோது வீடு ரொம்ப அமைதியாக இருந்ததாம். அதற்குமேல் நான் படிக்கவில்லை.

மூன்று வாரம் தேடினேன். பதினேழு மெஷின். எக்செல் ஷீட் போட்டு ஒவ்வொன்றாக அடித்து நீக்கினேன். வாய் இரண்டும் கடந்து போகிற எதுவும் வேண்டாம். ஒரே சென்சாரை நம்புவது வேண்டாம். கேமரா வைத்த ஒன்று நன்றாக இருந்தது, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கலாம், ஆனால் வெளியாள் யாராவது அதன் வழியாக வீட்டுக்குள் பார்த்துவிட்டால்? அதையும் அடித்தேன். கடைசியில் இது. மேல்புறம் திறந்தே இருக்கும். எடைக்கு ஒன்று, அசைவுக்கு ஒன்று, விளிம்பில் ஏதாவது சிக்கினால் நிறுத்த ஒன்று, மூன்று சென்சார். மோட்டாருக்கு வலுவே கிடையாது, கையால் பிடித்தால் நின்றுவிடும்.

நின்றுவிடும் என்று எழுதியிருந்தால் போதுமா? நான் சோதித்தேன். ஆபீசில் எழுதுவது போலவே எழுதினேன், என்ன செய்ய வேண்டும், என்ன நடக்க வேண்டும், என்ன நடந்தது. இரண்டு கிலோ அரிசிப் பையை உள்ளே வைத்தேன், சுற்றவில்லை. பையை விளிம்பில் சாய்த்து வைத்தேன், சுற்றவில்லை. மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டேன், அசையவில்லை. அப்புறம் வால். வாலுக்கு முருங்கைக்காய். சுற்றிக்கொண்டிருக்கும்போது இடுக்கில் விட்டேன். நின்றது. எடுத்துப் பார்த்தேன், தோல்கூடச் சிராய்க்கவில்லை. காலுக்குக் கேரட். காதுக்கு வெற்றிலை. வெற்றிலை மடங்கக்கூட இல்லை. பெனிட்டா வீடியோவில் பார்த்துவிட்டு, "ஏய், பூனைக்கு டெஸ்ட்டா, சாம்பாரா?" என்று சிரித்தாள். நாற்பத்தொரு சோதனை அக்கா. நாற்பத்தொன்றும் தேறின.

இருபத்து மூன்று. அதற்குள்ளேயே. மூன்று நிமிடம்கூட வெளியே இல்லை.

முதல் வாரம் கிட்டேயே வரவில்லை. பக்கத்தில் பழைய மணல் டப்பும் வைத்திருந்தேன். இரண்டாவது வாரம் ஒரு நாளைக்கு மூன்று தடவை, நான்கு தடவை. அந்த எண்ணிக்கையைப் பார்த்து நான் பட்ட சந்தோஷத்தை என் பத்தாம் வகுப்பு மார்க்குக்குப் பட்டிருக்க மாட்டேன். பழைய டப்பை எடுத்துவிட்டேன். இந்த வாரம்தான் உண்மையாகப் பழகினான். திங்கட்கிழமை ஐந்து. செவ்வாய் ஒன்பது. புதன் பதினான்கு. நேற்று பத்தொன்பது. கோடு எப்படி ஏறுகிறது பாருங்கள். நாங்கள் ஒரு ஆப் வெளியிட்டு மக்கள் இப்படி ஏறி வந்தால் ஆபீசில் கேக் வெட்டுவோம். தினமும் இதைப் படம் எடுத்துப் பெனிட்டாவுக்கு அனுப்புகிறேன். அவள் இதயமாக அனுப்புகிறாள். உள்ளே உட்கார்ந்துகொண்டு பேசுகிறான் வேறு. நீளமாக, அடித்தொண்டையில். முன்னெல்லாம் வாயே திறக்க மாட்டான். அதைச் சொன்னால் அவளுக்குப் பொறாமை. "என்கிட்ட பேசாதவன் மெஷின்கிட்ட பேசுறானா? வந்து வச்சுக்குறேன்" என்கிறாள்.

சுத்தமும் கூடிவிட்டது. வெளியே வந்ததும் பின்பக்கத்தை நக்கிக்கொண்டே இருப்பான். இவ்வளவு சுத்தமான பூனையை நான் பார்த்ததில்லை.

அதனால்தான் தைரியமாக ஊருக்குக் கிளம்பினேன். அருப்புக்கோட்டை. ஞாயிற்றுக்கிழமை என் கூடப்பிறந்த அக்காவுக்கு வளைகாப்பு. இரண்டு ராத்திரிதான். சாப்பாடு தானாக விழுகிற டப்பா, தண்ணீர் மூன்று கிண்ணம், பெட்டி. ஜன்னல் எல்லாம் சாத்திவிட்டேன். அவன்தான் காலையில் அனுப்ப மனமில்லாமல் இருந்தான். பெட்டிக்குள் உட்கார்ந்தவன் வெளியே வரவே இல்லை. சரி என்று குனிந்து வயிற்றுக்கு அடியில் கை கொடுத்துத் தூக்கினேன். கடித்துவிட்டான். இதோ, இந்த மணிக்கட்டில். மூன்று வருடத்தில் முதல் கடி. நான் போகிறேன் என்கிற கோபம்.

என்ன கேட்டீர்கள்? வயிறா? வயிறு கெட்டியாகத்தான் இருந்தது. உருண்டையாக, நடுவில் ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்கு. கோபத்தில் இறுக்கிக்கொண்டான் என்று நினைத்தேன்.

கழிவுத் தட்டா? அதுதான் இந்த மெஷினில் அருமையான விஷயம் அக்கா. ஒரு வாரம் தாங்கும் என்று போட்டிருந்தது. இங்கே பாருங்கள், ஆப்பில் காட்டும், நான்கு சதவீதம்தான் நிறைந்திருக்கிறது. நேற்று ராத்திரி திறந்தும் பார்த்தேன். அடியில் மிளகு மாதிரி நாலைந்து கட்டி. அவ்வளவுதான். நாற்றமே இல்லை. புருஷோத்தமன் சார் மூக்கை வைத்துப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது.

இல்லை, மணலை நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டாம் என்பதற்குத்தானே மெஷின். அதோடு நான் கிளம்பியதிலிருந்து அது ஒருமுறைகூடச் சுற்றவில்லை. பூனை வெளியே வந்து பதினைந்து நிமிடம் கழித்துச் சுற்றும்படி வைத்திருக்கிறேன், பாதுகாப்புக்கு. அவன் பதினைந்து நிமிடம் விட்டால்தானே.

இருபத்து நான்கு. இல்லை, பேச்சில் ஒன்றை விட்டுவிட்டேன். இருபத்தைந்து.

வாந்தியா? அது எப்படி நீங்கள்... ஆமாம். காலையில் கொஞ்சம். நுரை மாதிரி. நக்கி நக்கி முடி உள்ளே போயிருக்கும். நேற்றிலிருந்து சாப்பாடும் அப்படியே கிடக்கிறது. மீன்வாசனைச் சாப்பாடு அவனுக்குச் சலித்துவிட்டது, ஊரிலிருந்து திரும்பியதும் வேறு வாங்க வேண்டும். ஏன் அக்கா இதையெல்லாம் கேட்கிறீர்கள்? நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று நான் கேட்கவே இல்லை, பாருங்கள். இவ்வளவு நேரம் நானே பேசிக்கொண்டு.

கால்நடை மருத்துவமனையிலா?

டாக்டரா? இல்லை. சீட்டு எழுதுகிற இடத்தில். சரி. என்ன பிராணி, ஆணா பெண்ணா, என்ன தொந்தரவு என்று கேட்டு எழுதுவது.

சொல்லுங்கள்.

வாரத்துக்கு நாலு பேரா? இதே மாதிரியா? ஆண் பூனை, போகிறான் வருகிறான், ஒன்றும் வரவில்லை. உட்கார்ந்து கத்துகிறான். நக்கிக்கொண்டே இருக்கிறான். இதைத்தான் சொல்கிறார்களா? மலச்சிக்கல் என்று நினைத்தேன் என்பார்களா. பழகிவிட்டான் என்று யாராவது... சொல்லியிருக்கிறார்களா? இல்லையா. பெட்டி இல்லை அவர்களிடம். வெறும் டப்தான். டப்பில் மணல் காய்ந்து கிடப்பதைப் பார்த்துத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

இல்லை அக்கா. நீங்கள் தப்பாக நினைக்காதீர்கள். நான் முந்நூறு விமர்சனத்துக்குமேல் படித்திருக்கிறேன். பூனைக்கு நடக்கக்கூடிய அத்தனையும் படித்திருக்கிறேன். கழுத்து, வால், கால், கரண்ட். மூத்திரம் அடைத்துக்கொள்ளும் என்று எந்த விமர்சனத்திலும் இல்லை. அது பெட்டியைப் பற்றியது இல்லையே, அதனால் எழுதியிருக்க மாட்டார்கள். ஆனால் இவனுக்கு அப்படி இருந்தால் ஆப் சொல்லியிருக்கும். எடையும் பாருங்கள், உடம்புக்கு முடியாத பூனைக்கு எடை குறையும் இல்லையா? இவனுக்கு ஏறியிருக்கிறது. செவ்வாய்க்கிழமை நான்கு அறுநூற்று ஐம்பது. இன்று நான்கு எண்ணூறு. நூற்றைம்பது கிராம்.

நூற்றைம்பது கிராம்.

நேற்றிலிருந்து சாப்பிடவில்லை.

சாப்பிடாத பூனைக்கு எப்படி எடை ஏறும்?

தண்ணீர் குடித்தான். தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டே இருந்தான். ஒவ்வொரு முறையும் உள்ளே போகும்போது என்ன எடையோ வெளியே வரும்போதும் அதே எடை. இதோ, வரிசையாக இருக்கிறது. எல்லாமே இருக்கிறது இதில். செவ்வாய் ராத்திரி ஒன்பதரைக்கு முப்பது கிராம் குறைந்திருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்றுகூடக் குறையவில்லை. ஐம்பது, அறுபது முறை போயிருக்கிறான், ஒரு சொட்டு குறையவில்லை. நான் இந்தப் பக்கத்தைத்தான் படம் எடுத்து அனுப்பினேன். தினமும் இதைத்தான் அனுப்பினேன்.

நாற்பத்தொரு சோதனை எழுதினேன் அக்கா. பூனை உள்ளே போய் ஒன்றுமே செய்யாமல் வெளியே வந்தால் என்று ஒன்று எழுதவில்லை.

எவ்வளவு நேரம் தாங்கும்? சொல்லுங்கள், பரவாயில்லை. முழுவதும் அடைத்த பிறகு இரண்டு நாள். சில சமயம் அதுகூட இல்லை. செவ்வாய் ராத்திரியிலிருந்து என்றால்... மிளகு மாதிரி கட்டி இருந்ததே, அதைச் சேர்க்கலாமா? அப்போது கொஞ்சம் வந்திருக்கும் இல்லையா? புதன்கிழமை என்று வைத்துக்கொள்ளலாமா?

பொறுங்கள். வெகுநேரமாகப் போனில் சத்தம் வரவில்லை.

கடைசியாக இருபத்தாறு. பன்னிரண்டு ஐந்துக்கு. இப்போது ஒன்றாகப் போகிறது. பாருங்கள், நின்றுவிட்டது! பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை போனவன் ஐம்பத்தைந்து நிமிடமாகப் போகவில்லை. சரியாகிவிட்டது அக்கா. வந்துவிட்டது போல. அதனால்தான் போகவில்லை. தேவை இல்லை, அதனால் போகவில்லை.

அது நல்லது இல்லையா? உடனே ஆளை அனுப்ப வேண்டுமா?

சரி. யாரை அனுப்புவது? சாவி என் பையில். இன்னொன்று போலந்தில். நான் விழுப்புரத்தில் இறங்கித் திரும்பினால் மூன்றரை, நான்கு மணி நேரம். வீட்டுக்கு மிக அருகில் இருப்பவர் ஒருவர்தான். பதினெட்டுப் படி ஏறினால் போதும். அவரைக் கூப்பிட்டால் பூட்டை உடைக்க வேண்டும். எதற்கு என்று கேட்பார். திங்கட்கிழமை வீடு இருக்காது. பெனிட்டா ஊரில் இல்லாதபோது நான் தனியாகப் பதினாறாவது வீடு, பதினேழாவது வீடு. எந்தத் தெரு, எந்தத் தெரு.

தண்ணீர்க் குழாயை மூட மறந்துவிட்டேன் என்று சொல்லட்டுமா? உடைத்து உள்ளே போவார், குழாயைப் பார்ப்பார், திரும்பி வந்துவிடுவார். பூனையைப் பார்க்க மாட்டார். இல்லை. அது சரி வராது. சொல்லித்தான் ஆக வேண்டும்.

அழைப்பு போகிறது. ஸ்பீக்கரில் போடுகிறேன். நீங்களும் கேளுங்கள்.

"சார், மாரீஸ்வரி பேசுறேன். மாடி வீடு."

"சொல்லும்மா. என்ன, மோட்டார் போடணுமா?"

"இல்ல சார். நான் ஊருக்குப் போய்க்கிட்டு இருக்கேன். சார், நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லல. எங்க வீட்டுல ஒரு பூனை இருக்கு சார்."

"அட, தெரியும்மா."

"சார்?"

"மூணு வருசமா தெரியும். மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போறப்ப உங்க சமையல்கட்டு ஜன்னல்ல உக்காந்திருக்கும். எங்க வீட்டம்மா அதுகிட்ட நின்னு ஊர்க்கதை எல்லாம் பேசிட்டுத்தான் கீழ வருவா. கருவாடுன்னு சொன்னியே, அன்னைக்கு நாங்க சிரிச்ச சிரிப்பு! நீயா சொல்லுவேன்னு விட்டுட்டோம். ஆமா, நீ ஊருக்கா போயிட்டே? உள்ளதான் இருக்கேன்னு நினைச்சோம்."

"ஏன் சார்?"

"காலையில இருந்து அது ஒரே கத்தல். அப்படி அது கத்தி நான் கேட்டதே இல்ல. எங்க வீட்டம்மா போய்ப் பாருங்கன்னா. நான்தான், அந்தப் பொண்ணு முன்கூட்டிக் கேக்காம வரக் கூடாதுன்னு எழுதியே வாங்கியிருக்கு, நாம போய்க் கதவத் தட்டினா நல்லா இருக்காதுன்னு சொன்னேன். இப்ப ஒரு மணி நேரமா சத்தம் இல்லம்மா. தூங்கிருச்சு போல."

அக்கா, நீங்கள் பேசுங்கள். பிடியுங்கள் போனை. எங்கே தூக்கிக்கொண்டு போக வேண்டும், எப்படித் தூக்க வேண்டும், வயிற்றைத் தொடக் கூடாது என்று நீங்களே சொல்லுங்கள். பூட்டை உடைக்கச் சொல்லுங்கள். பதினோராவது வரி கிடையாது என்று சொல்லுங்கள். குளியலறைக்குப் பக்கத்தில், இடது கைப்பக்கம், வெள்ளைப் பெட்டி. அதற்குள்தான் படுத்திருப்பான். கையை விடப் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள் அக்கா, ஆள் கிட்டே வந்தாலே அது நின்றுவிடும். நான் எல்லாம் பார்த்துத்தான் வாங்கினேன். அது ரொம்பப் பாதுகாப்பான மெஷின்.